பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில்

இந்த டயர் இந்த டிஸ்க்கில் நிற்காது என்று முதன்முதலாக எனக்குச் சொன்னது பஞ்சர் கடை சிக்கந்தர் பாய். போன மாதம் ஒன்பதாம் தேதி, மாதா பிறந்தநாளுக்கு மறுநாள், காலை ஒன்பதரை மணி இருக்கும். புதுச் சக்கரத்தை மந்திரிக்க வந்த பங்குச்சாமி தீர்த்தச் செம்போடு எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். வண்டி நாலு மரக்கட்டை மேல் நிற்கிறது. பாய் ஒரு டயரைத் தூக்கி, அது உட்காருகிற இரும்பு டிஸ்க் மேல் வைத்தார். அது பொத்தென்று கீழே போய்விட்டது. பெரியம்மா வளையலைக் குழந்தை கையில் மாட்டின மாதிரி. எடுத்துத் திருப்பி வைத்தார். அப்போதும் அப்படித்தான். பிறகு உட்கார்ந்து இரண்டிலும் இருக்கிற எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, சாமி மந்திரிச்சாலும் நிக்காது, எங்க பள்ளிவாசல் அசரத்து ஓதினாலும் நிக்காது. டிஸ்க் பதினாறு. டயர் பதினேழு."

ஒரே ஒரு இன்ச்சும்மா. என் கட்டைவிரல் மேல்கணு அளவு. அதற்குத்தான் நான் இந்த ஒரு மாதமாக இந்தப் பாடு படுகிறேன்.

உன் காலில் இடிக்கிறதாம்மா? கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிக்கொள்கிறேன். கண்டக்டர் இதற்கும் லக்கேஜ் போட்டார், அது கிடக்கட்டும், "பாட்டி, இரும்புக் கடைக்கா போறீங்க" என்று கேட்டாரே, அதுதான் மனசுக்கு என்னமோ போல இருந்தது. இதுதான் அந்த டிஸ்க். ஐந்தில் ஒன்று. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் என் பெரியவன்தான் தூக்கி ஏற்றி சாக்கு சுற்றி வைத்துவிட்டுப் போனான். திண்டுக்கல்லில் சின்னவன் வந்து இறக்கிக்கொள்வான். நடுவில் நான். எப்போதுமே நடுவில் நான்தான்.

எங்கள் வண்டி உனக்குத் தெரிந்திருக்காது. வத்தலக்குண்டில் மிலிட்டரி வண்டி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் சவரிமுத்து, பட்டாளத்தில் கழித்த வண்டியை ஏலத்தில் எடுத்து, பெட்டியைப் பிரித்துக் கட்டி ஓட்டினார். முன் சக்கரமும் இழுக்கும், பின் சக்கரமும் இழுக்கும். மலையில் மஞ்சக்குழி என்று ஒரு ஊர். தார் ரோடு முடிந்து ஒன்பது கிலோமீட்டர் வெறும் பாறையும் சேறும். காபி, சௌசௌ, மலைவாழை எல்லாம் அங்கிருந்து இறங்குவது எங்கள் வண்டியில்தான். வெயில் காலத்தில் ஜீப்புக்காரர்கள் போவார்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால், வழியில் குறுக்கே வருகிற வழுக்கோடையைத் தாண்டி ஒரு ஜீப்பும் போகாது. எங்கள் வண்டி ஒன்றுதான் போகும். அதற்குக் காரணம் இன்ஜின் இல்லையாம், சக்கரமாம். அவர் சொல்வார்.

டயர் வாங்க மட்டும் அவர் பெண் பார்க்கப் போகிற மாதிரி போவார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. கடைக்காரன் டயர் மேல் புடைத்திருக்கிற ரப்பர் பட்டனைக் காட்டுவான், எவ்வளவு தடிப்பு பாருங்கண்ணே என்பான். இவர் பட்டனைப் பார்க்கவே மாட்டார். டயரின் விலாவைத்தான் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். "பட்டனை எல்லாரும் பாப்பான். பாறை கடிக்கிறது விலாவுல" என்பார். ஒல்லியாக, உயரமாக இருக்கிற டயர்தான் அவருக்கு. டிஸ்க் இரும்பில்தான் வேண்டும். பாறையில் இடித்து நெளிந்தால் அங்கேயே கல்லை வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டு வந்துவிடலாமாம்.

வழுக்கோடைக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி நாலு டயரிலும் காற்றைக் குறைப்பார். காற்று குறைந்தால் டயர் பாறையைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு குறைக்கிறது என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு உண்டு, அது நான் சொல்லிக்கொடுத்த கணக்கு. வால்வை அமுக்கிக்கொண்டு ஒரு டயருக்கு மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம். சேறு அதிகமாக இருந்தால் நாலு. இந்தப் பக்கம் இரண்டு டயர் அவர், அந்தப் பக்கம் இரண்டு டயர் கூட வருகிற ஆள். பிள்ளைகள் சின்ன வயதில் போனால் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து கத்திக் கத்திச் சொல்லுவார்களாம். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. நான் குறை சொல்லவில்லை. ஆண்டவர் கூப்பிட்டார், போனார்.

எனக்கு மூன்று பிள்ளைகள். பெரியவன் பாத்திநாதன், வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான். சின்னவன் அமலதாஸ், கோயம்புத்தூரில் வண்டி ஒர்க்ஷாப்பில் இருக்கிறான். கடைசிப் பெண் செலின். அவளைத்தான் மஞ்சக்குழியில் கட்டிக்கொடுத்திருக்கிறது, மருமகன் அங்கே எஸ்டேட்டில் மேஸ்திரி. அவளுக்கு இது நிறைமாசம். தலைப்பிரசவம். மாசக் கடைசி என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்குத் தேதி பதினாறு.

நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்கு இப்போது புரியும்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. சண்டை என்ன தெரியுமா? ஹாரன். சின்னவன் லீவில் வந்தபோது, அப்பா வண்டி மொட்டையாக இருக்கிறது என்று ஆறு ஹாரனும் மேலே வரிசையாக விளக்கும் வைத்தான். அவன் ஊருக்குப் போன மறுநாளே பெரியவன் அத்தனையையும் கழற்றி ஒரு சாக்கில் கட்டி, "இது என்ன கச்சேரி வண்டியா" என்று கேட்டான். சின்னவனுக்குக் கேட்கட்டும் என்று போனில்தான் கேட்டான். அன்றைக்கு இரண்டு பேரும் வைத்த போன்தான். அதற்குப் பிறகு எது என்றாலும் "அம்மா, அவன்கிட்ட சொல்லு", "அம்மா, அவர்கிட்ட சொல்லு".

நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு வருஷத்தில் ஒரு சண்டை இல்லை. ஊரில் எத்தனை வீட்டில் அண்ணன் தம்பி போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகிறார்கள். என் வீட்டில் இல்லை. எப்படி? நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டேன். மாதா மேல் சத்தியமாக ஒரு வார்த்தை கூட்டியது கிடையாது. சூடாக இருக்கிறதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சொல்லுவேன். சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரி. அது தப்பா?

வைகாசியிலேயே டயர் எல்லாம் மொட்டை. இரண்டு டிஸ்க்கில் விரிசல். மழைக்கு முன்னால் ஐந்து சக்கரமும் மாற்றியாக வேண்டும் என்று பெரியவன் சொன்னான். வண்டி இரண்டு பேருக்கும் பொது. அதனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ண வேண்டும். சேர்ந்து என்றால் என் மூலமாக.

பெரியவன் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான்: "அம்மா, அந்த அறிவுகெட்டவன்கிட்ட சொல்லு. போன்ல பாலைவனத்துல வண்டி ஓட்டுற வெள்ளைக்காரனைப் பாத்துட்டு அகல டயரு அகல டயருன்னு உளற வேண்டாம். அகல டயரு சேத்து மேல மிதக்கும். நம்ம ரோட்டுல சேத்துக்கு அடியில பாறை இருக்கு. சேத்தை அறுத்துக்கிட்டுப் போயி பாறையைத் தொடுறதுக்கு ஒல்லி டயருதான் வேணும். அகலமாப் போட்டா ஸ்டியரிங்கை ஒடிச்சதும் உள்ள உரசும். பதினாறு இன்ச், அப்பா போட்ட அதே சைஸ். வேற எது வந்தாலும் வண்டியில ஏறாது."

நான் போன் போட்டுச் சின்னவனிடம் சொன்னேன்: "தம்பி, வண்டிக்கு நல்லாப் பொருந்துற டயரா அண்ணன் பாக்கச் சொன்னான்ப்பா."

இதில் எந்த வார்த்தை பொய் என்று நீயே சொல்லு.

அவன் உடனே, "அது எனக்குத் தெரியாதாம்மா? நாள் பூரா இதே வேலையிலதான இருக்கேன். டயரை நான் பாத்துக்கிறேன். அவரை அந்தத் தகர டிஸ்கைக் கட்டிக்கிட்டு அழுவுறதை விடச் சொல்லு. எந்தக் காலத்துல இருக்காரு அவரு? அலாய் டிஸ்க் வாங்கச் சொல்லு, பதினேழு இன்ச். நான் டயரைப் பதினேழுல புக் பண்ணிருவேன். பதினேழும்மா, மறந்துராத" என்றான்.

நான் பெரியவனிடம் வந்து சொன்னேன்: "ஏய்யா, தம்பி டயரைப் பாத்துக்கிறானாம். டிஸ்க் உன் பொறுப்புன்னுட்டான். உன் மேல அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை."

பெரியவன் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அவனா சொன்னான்?"

"ஆமா."

"நம்பிக்கைன்னா சொன்னான்?"

"அந்த அர்த்தத்துலதான்ய்யா சொன்னான்."

அன்றைக்கு அவன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். மருமகள் ரெஜினா மாவு பத்தாமல் முழித்தாள். நான் அந்தோனியார் படத்துக்கு முன்னால் போய் முட்டி போட்டு ஒரு பாடு அழுதேன், சந்தோஷத்தில். என் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அதோடு விட்டானா பெரியவன்? இரண்டு வருஷத்துக்கு அப்புறம் தம்பிக்கு ஒரு சீட்டு எழுதினான். நீ நம்ப மாட்டாய், பேனாவைத் தேடி வாங்கி, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினான். விண்ணேற்புத் திருநாளுக்குச் சின்னவன் வருவான், கொடுத்துவிடு என்று என்னிடம் கொடுத்தான். எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன், ஜெபப் புத்தகம் வாசிக்கிறேன் இல்லையா. வாசித்தேன். மேலே நன்றாகத்தான் இருந்தது. "டிஸ்க் ஐந்தும் சொல்லிவிட்டேன். ஆறு போல்ட், பழைய மாதிரியே. இரும்பு. டியூப் போடுகிற டயராகப் பார்." இப்படி. கடைசி இரண்டு வரிதான். "பதினாறு இன்ச். அதுக்கு மேல ஒரு இன்ச் கூட்டி வாங்கினால் அந்த டயரை நீயே கழுத்தில் மாட்டிக்கொண்டு திரி."

இந்த மாதிரி ஒரு வரியை வயிற்றுப்பிள்ளைக்காரி தங்கச்சியாக இருக்கிற வீட்டில், திருநாள் அன்றைக்கு, ஒரு தம்பி வாசிக்கலாமா? நீ என்றால் கொடுப்பாயா?

மடித்து நகத்தால் நீவி, நேராகக் கிழித்துவிட்டேன். கிழிந்த மாதிரியே தெரியாது. கீழ்த்துண்டைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பிள்ளை எழுத்து. அந்தோனியார் சுரூபத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர் அவர், அவர் காலடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை, பாவமென்று தோன்றாததை எப்படிச் சொல்கிறது? உன்னிடம்தான் சொல்கிறேன். நீ செம்பட்டியிலா இறங்குகிறாய்? திண்டுக்கல்லா? நல்லது.

சின்னவன் மேல்துண்டை வாசித்தான். முகம் மலர்ந்துவிட்டது. "இரும்பா? சரி, அலாய் வேண்டாம்னா போகட்டும், இரும்புலயும் பதினேழு வருது. டியூப் டயர் பாக்கச் சொல்லிருக்காரு, பாக்குறேன். பரவாயில்லையேம்மா, மனுசன் எறங்கி வந்துட்டாரே" என்றான். நான்தான் பக்கத்தில் நின்று, "ஆமாய்யா, இறங்கி வந்துட்டான்" என்றேன்.

ஒரு விஷயம் கேட்கிறேன். ஒரு டயருக்கு எதற்கும்மா அத்தனை எண்? அகலத்துக்கு ஒரு எண், உயரத்துக்கு ஒரு எண், உள்வட்டத்துக்கு ஒரு எண், எத்தனை பாரம் தாங்கும் என்று ஒன்று, எத்தனை வேகம் என்று ஒன்று, எந்த வாரம் செய்தது என்று ஒன்று. சுற்றி வந்தால் ஜெபமாலை உருட்டுகிற மாதிரி உருட்டலாம். இத்தனை எண் போடத் தெரிந்த கம்பெனிக்காரன், இந்தச் சக்கரம் சவரிமுத்து வண்டிக்குச் சேரும், இது சேராது என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் ஏன் இன்றைக்கு இரும்பைச் சுமந்துகொண்டு வருகிறேன்? கடைக்காரர்களாவது கேட்டார்களா? டிஸ்க் விற்றவன் டயர் என்ன சைஸ் என்று கேட்கவில்லை. டயர் விற்றவன் டிஸ்க் என்ன என்று கேட்கவில்லை. யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கிறது இல்லை இந்தக் காலத்தில்.

செப்டம்பர் முதல் வாரம் டிஸ்க் வந்தது, பார்சல் லாரியில் டயரும் வந்தது. டயர் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி மாதிரி. பட்டன் என் உள்ளங்கை அகலம். பெரியவன் அப்போது வேறொருவர் லாரியில் கேரளா லோடு போயிருந்தான். ரெஜினா, "அத்தை, அவரு வரட்டும், ஒரு தடவை அளந்து பாத்துட்டு மத்ததைச் செய்வோம்" என்றாள். அவளுக்கு எதிலும் ஒரு சந்தேகம். நான் மாதா பிறந்தநாளுக்கு மறுநாள் மந்திரிப்புக்குச் சாமியிடம் சொல்லிவிட்டேனே. சாமி வருகிற இடத்தில் மொட்டை டயரும் துரு டிஸ்க்கும் குவிந்து கிடந்தால் நன்றாகவா இருக்கும்? பழைய சக்கரம் ஐந்தையும் கழற்றச் சொல்லி, பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டுவிட்டேன். வாசலைச் சாணி போட்டு மெழுகினேன். கோலம் போட்டேன். வண்டியைக் கட்டை மேல் நிறுத்திய சிக்கந்தர் பாய் அப்போதே, "அக்கா, பழசை ரெண்டு நாள் வச்சிருங்களேன்" என்றார். அவர் தொழிலுக்கு வேண்டுமென்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் முதலிலேயே சொன்னேனே.

சாமி என்ன செய்வார் பாவம். வந்ததுக்குச் சும்மா போகக்கூடாது என்று சக்கரமில்லாத வண்டிக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டு, "பொறுமையா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பொறுமையாக இல்லாமலா இருக்கிறேன்?

சாயங்காலம் பெரியவன் வந்தான். டயரைப் பார்த்தான். உட்கார்ந்து எண்ணைப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, "சீட்டுல எழுதிக் குடுத்தும் வேணும்னே செஞ்சிருக்கான்" என்றான். அங்கே சின்னவனுக்குச் சொன்னால், "பதினேழுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வேணும்னே பதினாறு வாங்கியிருக்காரு" என்கிறான். இரண்டு பேருக்கும் அதே வார்த்தை, வேணும்னே. ஒரே வயிற்றில் பிறந்ததுகள்.

பிறகு ஒரு மாதம் என் வேலை என்ன? "டயரை அவன் திருப்பட்டும்." "டிஸ்கை அவர் திருப்பட்டும்." "முடியாதுன்னு சொல்லு." "நானும் முடியாதுன்னு சொல்லு." நான் இதை எப்படி அப்படியே சொல்ல முடியும்? பெரியவனிடம், "தம்பி யோசிக்கிறான்ய்யா" என்பேன். சின்னவனிடம், "அண்ணன் கொஞ்சம் அவகாசம் கேக்குறான்ப்பா" என்பேன். அவன் யோசிக்கட்டும் என்று இவன் காத்திருந்தான். இவன் அவகாசம் முடியட்டும் என்று அவன் காத்திருந்தான். வண்டி கட்டை மேலேயே நின்றது. பெட்டிக்கடியில் கோழி அடை வைத்துவிட்டது.

இதற்கு நடுவில் செலின். ஆவணியிலேயே மருமகன் ஜீப் பிடித்துக் கூட்டி வருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். ஜீப்பில் தூக்கித் தூக்கிப் போடும், புதுச் சக்கரம் மாட்டி அவள் அப்பா வண்டியில் மெத்தை போட்டுக் கூட்டி வருவோம், அண்ணன்மார் இரண்டு பேரும் வருவார்கள் என்றேன். தாய் ஆசைப்படக்கூடாதா? இப்போது இரண்டு மழை பெய்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை ஒரு ஜீப் வழுக்கோடை வரைக்கும் போய், முட்டளவு சேற்றில் பாதி நாள் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டது. வலி வந்தால் டோலி கட்டித் தூக்கிவரலாம் என்று அங்கே நாலு ஆளைச் சொல்லி வைத்திருக்கிறார்களாம். ஒன்பது கிலோமீட்டர். மழையில். வழுக்கு பாறையில். நான் ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் கம்பும் போர்வையும்தான் வருகிறது.

நேற்று சாயங்காலம் செலின் போன் பண்ணினாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அம்மா, ரெண்டு அண்ணனும் என்னதான் சொன்னாங்க? அவங்க சொன்னதை அவங்க சொன்ன மாதிரியே சொல்லு. அப்புறம் நீ என்ன சொன்னேன்னு சொல்லு."

சொன்னேன். உனக்குச் சொன்ன மாதிரித்தான், ஒன்றுவிடாமல். சீட்டைக் கிழித்ததை மட்டும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அம்மா, நான் பிள்ளை பெத்து உன் கையில குடுத்தா, அது அழுதா அழுவுதுன்னு சொல்லு. சிரிக்குதுன்னு சொல்லிறாத."

எனக்கு அது விளங்கவில்லை. பிள்ளை அழுதால் யாராவது சிரிக்கிறது என்று சொல்வார்களா? வயிற்றுப்பிள்ளைக்காரி, என்னமோ பயத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். "போனை அண்ணன்கிட்ட குடு" என்றாள். கொடுத்தேன். பெரியவன் எழுந்து வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். என்ன பேசினார்கள் என்று தெரியாது. "ம்" "ம்" என்பது மட்டும் கேட்டது. அப்புறம் அவள் சின்னவனுக்கும் போட்டிருக்கிறாள். அரை மணி நேரத்தில் சின்னவன் எனக்குப் போட்டு, டயரை அந்தக் கடையே மாற்றிக்கொள்ளுமாம், திண்டுக்கல்லில் அவர்கள் கிளை இருக்கிறதாம், ஒரு டிஸ்க்கைக் கொண்டு வந்தால் அங்கேயே மாட்டிப் பார்த்து ஐந்தும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஏற்றிவிடலாம் என்றான். அகல டயர் ஐந்தும் பின்னால் போகுமாம். ஒரு மாதமாக நான் கெஞ்சினது அரை மணி நேரத்தில் நடந்தது. கடைசியில் அவள் பேசினால் நடக்கிறது, நான் பேசினால் நடக்காது. பரவாயில்லை. நடந்தால் சரி.

"நீயே கொண்டுபோய்க் குடுய்யா" என்று பெரியவனிடம் கேட்டேன். "நான் சக்கரக் குடத்துல கிரீஸ் வைக்கணும், ராத்திரிக்குள்ள முடியணும்" என்றான். கிரீஸ் வைக்க வேண்டியதுதான், ஆனால் தம்பி முகத்தைப் பார்க்க வெட்கம், அதுதான் விஷயம். எனக்குத் தெரியாதா?

பஸ் ஏறும்போது என் கையில் ஒரு சீட்டைத் திணித்தான். இதோ. காலண்டர் தாள்தான். "இதை அப்படியே அவன்கிட்ட குடும்மா" என்றான். அப்படியே என்பதை இரண்டு தரம் சொன்னான்.

வத்தலக்குண்டு தாண்டினதும் பிரித்து வாசித்தேன். மேலே சைஸ். அகலம் ஏழு ஐம்பது, உள்வட்டம் பதினாறு. ஐந்து டயர், ஐந்து டியூப். விலாவை அமுக்கிப் பார். அது வரைக்கும் நல்லது. அதற்குக் கீழே, "அப்பா இருந்திருந்தால் உன்னைச் செருப்பால் அடித்திருப்பார்." மடித்துவிட்டேன். இத்தனை பட்டும் இவனுக்குப் புத்தி வரவில்லையே, இன்றைக்குமா இந்த வார்த்தை, இதை அவன் வாசித்துவிட்டு டயரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டால் என் பெண் கதி என்ன? மடிப்பை நகத்தால் நீவிவிட்டேன். நன்றாக நீவிவிட்டேன். இழுத்தால் நேராக வந்துவிடும். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாயே, அப்போதுதான். நீ உட்கார்ந்ததால் நிறுத்தினேன்.

உன்னிடம் பேசிக்கொண்டே இன்னொரு தரம் பிரித்தேன், கவனித்தாயா? அந்த வரிக்குப் பக்கத்திலேயே, மடிப்புக்குள்ளே, "என்னையும்தான்" என்று இருக்கிறது. எழுத்து சின்னது. முதலில் நான் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. "டயரோடு நீயும் ஏறி வந்துவிடு. காலையில் வழுக்கோடையில் காற்று இறக்க இரண்டு ஆள் வேண்டும்."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறான்.

செருப்பால் அடிக்கிற வரிக்குக் கீழேதான் கூப்பிடுகிற வரி இருக்கிறதும்மா. அதைக் கிழித்தால் இதுவும் போய்விடும்.

அந்தோனியாருக்கு அடியில் இருக்கிற துண்டில் வேறு ஏதாவது இருந்ததா என்று இப்போது யோசித்துக்கொண்டே வருகிறேன். இரண்டு வரிதான். நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒன்று திட்டு. இன்னொன்று எண்.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது போலிருக்கிறதே. இன்னும் ஐந்து நிமிஷமா? இந்தக் கை பொல்லாத கைம்மா. ஐந்து நிமிஷம் இருந்தாலும் அந்த மடிப்பிலேயே போய் நிற்கிறது. அவன் இறங்குகிற இடத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டையோடு நிற்பான், அமலதாஸ் என்று கூப்பிட்டால் திரும்புவான். அதுவரைக்கும் இந்தச் சீட்டை நீ வைத்துக்கொண்டு, நீயே அவன் கையில் கொடுத்துவிடுகிறாயா?